துத்தநாகக் கூண்டு

கல்யாண விசாரணைன்னா கதவைச் சாத்திட்டே பேசிருவோம் அண்ணாச்சி. இந்தக் காலேஜ்ல இருக்கிற வாத்தியாருங்களுக்குப் பாடம் நடத்த வராது, ஒட்டுக்கேக்க மட்டும் நல்லா வரும். முதல்வர் ரூமுக்கு யாரு வந்தா, எதுக்கு வந்தான்னு அடுத்த பீரியடுக்குள்ள கேன்டீன் வரைக்கும் போயிரும். உக்காருங்க. டீ சொல்லியிருக்கேன். நல்லா இருக்காது, ஆனா சூடா இருக்கும்.

செண்பகவல்லி. ஆமா, கோவில்பட்டிதான். நல்லாத் தெரியும். ஒரே ஆய்வுக்கூடம், ஒரே வழிகாட்டி, பக்கத்துப் பக்கத்து மேசை. உங்க தம்பிக்குப் பாக்கிறீங்க. ரயில்வேன்னு சொன்னீங்க. நாப்பது ஆகப் போகுது, இதுதான் முதல் கல்யாணம். அவளுக்கும் முப்பத்தெட்டு தாண்டியிருக்கும். இதுக்கு மேல பொருத்தம் பாக்க என்ன இருக்குன்னு நீங்க நெனைக்கலாம். இருக்கு. நான் மறைக்கமாட்டேன். நாளைக்கு என்மேல வருத்தப்படக் கூடாதுல்ல.

முதல்ல ஒண்ணு சொல்லிர்றேன். ஒழுக்கத்துல ஒரு குறையும் கிடையாது. வேலைன்னா வேலை, வீடுன்னா வீடு. அதுல நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். குறை வேற இடத்துல. அனுசரிச்சுப் போறதுன்னு ஒண்ணு இருக்குல்ல, அது அவளுக்குச் சுத்தமாத் தெரியாது. எலி விஷயத்துல தெரியாதவளுக்கு மாமியார் விஷயத்துல தெரியுமா? அம்மா இல்லையா உங்களுக்கு? சரி, மாமியார் இல்ல. மத்தவங்க இருக்கீங்கள்ல.

நாங்க பண்ண ஆராய்ச்சியைச் சொன்னாத்தான் அவ குணம் உங்களுக்கு விளங்கும். பயந்துறாதீங்க. எங்க பி.எஸ்சி. பசங்களுக்கே புரியிற மாதிரி சொல்லிப் பழகினவன் நான், உங்களுக்குப் புரியாதா. உடம்புக்குத் துத்தநாகம் வேணும். ஜிங்க்கும்பாங்க. துளியூண்டு போதும். அந்தத் துளி இல்லாட்டி வளர்ற குட்டி எப்படி வளரும், அது உடம்புக்குள்ள அடுப்பு எப்படி எரியும்? அடுப்புன்னா, தின்ன தீனியைச் சூடாவும் சதையாவும் மாத்துதுல்ல, அந்த வேலை. அதுதான் கேள்வி. அதுக்கு வெள்ளை எலி. ஒரு பக்கத்து எலிக்குத் துத்தநாகம் இல்லாத தீவனம், இன்னொரு பக்கத்துக்கு அது கலந்த தீவனம். தாய் தின்னும், குட்டி பால் குடிக்கும். பிறந்த எலிக்குட்டியைப் பாத்திருக்கீங்களா? கண்ணு திறக்காம, மயிர் இல்லாம, உரிச்ச நிலக்கடலை மாதிரி சிவப்பாக் கெடக்கும். அதைக் கண்ணாடி ஜாடியில விட்டு எவ்வளவு பிராணவாயு இழுக்குதுன்னு அளக்கிறது என் வேலை. அதோட ஈரலை எடுத்து, அதுல நொதியெல்லாம் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கிறது அவ வேலை. ஒரே எலி, ரெண்டு ஆய்வேடு. பலவேசம் சாரோட சிக்கனம் அது. அவர்தான் எங்க வழிகாட்டி.

என்ன ஆச்சுன்னா, ரெண்டு பக்கத்துக் குட்டியும் ஒரே மாதிரி வளந்துச்சு. உலகம் பூரா எழுதி வெச்சிருக்கான், துத்தநாகம் இல்லாட்டி குட்டி குன்னிப் போகும், மயிர் கொட்டும்னு. எங்க குட்டி கொழுகொழுன்னு ஓடுது. எனக்கே முதல்ல பயம். பலவேசம் சார் பயப்படல. பெரிய மூளை அவருக்கு. நாற்காலியில நல்லாச் சாஞ்சுக்கிட்டு, "தவசி, இது நம்ம ஊர் எலிய்யா. நம்ம தண்ணி, நம்ம வெயில். இல்லாமையைத் தாங்கப் பழகிருச்சு"ன்னார். சீக்கிரமே ஒரு கருத்தரங்குல அதையே பேசினார். பேப்பர்ல போட்டோவோட வந்துச்சு. நாங்க எல்லாரும் கை குடுத்தோம். அவ கை குடுத்துட்டுக் கேக்கிறா, "சார், வெள்ளை எலிக்கு எது நம்ம ஊரு? இதோட பூட்டன் பாட்டன் எல்லாம் வெளிநாட்டுல இருந்து வந்ததுதான?"

கிண்டலாக் கேட்டாக்கூடப் பரவாயில்ல அண்ணாச்சி. நெசமாவே கேட்டா. அதுதான் அவகிட்ட இருக்கிற வியாதி.

அதுக்கப்புறம் அவ ஈரலைப் பாக்கிறதை விட்டுட்டு எலியைப் பாக்க ஆரம்பிச்சா. கூண்டுக்கு முன்னாடி முக்காலியைப் போட்டு உக்காந்துருவா. எலியில பாக்க என்ன இருக்கு? தின்னும், தூங்கும், நாறும். நாங்கல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டு உள்ள போயி வேலையை முடிச்சுட்டு ஓடி வர்ற இடம் அது. அவ அங்கேயே உக்காந்திருப்பா. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டா.

"தவசி, துத்தநாகம் குடுக்காத இந்தப் பக்கத்துத் தாய் எலிங்க கம்பியை நக்கிக்கிட்டே இருக்கு பாரு."

"எலின்னா நக்கும்."

"அந்தப் பக்கத்து எலி நக்கலையே. இந்தப் பக்கத்துக் கூண்டுல மட்டும் வாய் எட்டுற உயரத்துக்குத் துரு ஏறியிருக்கு. இது என்ன கம்பி?"

"ஜி.ஐ. கம்பி. சார்தான் பட்டறையில சொல்லிச் செஞ்சது."

அவ என் மூஞ்சியவே பாத்தா. ஜி.ஐ.ன்னா உங்களுக்குத் தெரியும், வீட்டுக்குத் தண்ணிக் குழாய் போட்டிருப்பீங்க. இரும்பு துருப்பிடிக்காம இருக்க மேல துத்தநாகம் பூசியிருப்பான். அவ என்ன சொல்ல வர்றான்னு எனக்குப் புரியாம இல்ல. புரிஞ்சுதான் கேட்டேன், "பூசியிருக்கான். அதுக்கென்ன இப்ப?"ன்னு.

விட்டாளா? ஒரு துண்டுக் கம்பியை வெட்டி எடுத்துக்கிட்டு வேற துறைக்குப் போயி, அங்க கெஞ்சிக் கூத்தாடி அவங்க கருவியில போட்டுப் பாத்துட்டு வந்தா. நக்குற எச்சில்ல கரையிற துத்தநாகமே ஒரு எலிக் குடும்பத்துக்கு ஆகிப் போகுமாம். ஆய்வேட்டுச் சுருக்கம் குடுக்க வேண்டிய நேரம். எல்லாரும் தட்டச்சுக்குக் குடுத்துட்டுத் திரியிறோம். இவ நேரா சாரோட ரூமுக்குள்ள போயிட்டா. நான் அங்கதான் நின்னேன்.

"சார், நாம தீவனத்துல எடுத்ததைக் கூண்டுல குடுத்திருக்கோம். மறுபடி பண்ணணும்."

சார் கண்ணாடியைக் கழட்டினார். "மறுபடின்னா? நான் கருத்தரங்குல பேசினது?"

"அதையும் திருத்திச் சொல்லிரலாம் சார்."

திருத்திச் சொல்லிரலாமாம். ஓய்வு பெறப் போற மனுஷனைப் பாத்துச் சொல்ற சொல்லா இது? இலைக்கு உப்பு வைக்க மறந்த மாதிரி சொல்றா. சார் சத்தம் போடல. சத்தம் போடுறவர் இல்ல. கையை நீட்டினார். "எலி ரூம் சாவியைக் குடுத்துட்டுப் போ"ன்னார். அவ்வளவுதான்.

நான் கெட்டவன் இல்ல அண்ணாச்சி. நான்தான் கேன்டீனுக்குக் கூட்டிட்டுப் போயி அவளுக்குப் புத்தி சொன்னேன். "புள்ள, நீ சொல்றது சரியாவே இருக்கட்டும். இப்ப வாயை மூடிக்கிட்டுப் பட்டத்தை வாங்கு. வாங்கிட்டு அப்புறம் எழுது, யாரு வேண்டாம்னா?" நல்லதுக்குத்தான சொன்னேன். அவ டீயை வெச்சுட்டுக் கேட்டா, "பட்டத்தை வாங்கிட்டு யாரு தவசி சொல்லுவா?"

நான் எந்திரிச்சு டீக்குக் காசைக் குடுத்தேன்.

அதோட விட்டாளா. "நீயும் வா. ரெண்டு பேரும் சேந்து பண்ணா வேகமா முடிச்சிரலாம். உன் ஜாடி அளவும் சரியா வரும்"னு என்னையும் கூப்பிட்டா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. முடிஞ்ச வேலையை ஒருத்தன் எதுக்கு மறுபடி செய்வான்? கட்டின வீட்டை இடிச்சுட்டுக் கட்டச் சொல்றா. இத்தனைக்கும் வீடு நல்லா நிக்குது.

நான் என் ஆய்வேட்டைக் குடுத்துட்டேன். எனக்கு வாய்மொழித் தேர்வும் வந்துருச்சு. ஊர்ல இருந்து அப்பா, அம்மா, மாமா எல்லாரும் வேன் வெச்சு வந்திருந்தாங்க. துறையில எல்லாருக்கும் என் செலவுல சாப்பாடு. அரங்கம் நெறைஞ்சு போச்சு. நான் நல்லா பேசினேன், அதை யாரும் மறுக்க முடியாது. கடைசியில, யாராவது கேள்வி கேக்கலாம்னு சொன்னாங்க. அது ஒரு சடங்கு. யாரும் கேக்க மாட்டாங்க. பின்வரிசையில இருந்து இவ எந்திரிக்கிறா.

"கூண்டு எதுல செஞ்சது?"

"கம்பியில"ன்னேன். அரங்கமே சிரிச்சுது. எங்க மாமா கை தட்டினார்.

"என்ன கம்பி?"

பலவேசம் சார் எந்திரிச்சுட்டார். "சாப்பாடு ஆறுது, மத்ததைப் பந்தியில பேசிக்கலாம்"னார். வெளியூர்ல இருந்து வந்த தேர்வாளரும் ரயிலுக்குப் போகணும், அவர் சரின்னுட்டார். முடிஞ்சுது. நான் டாக்டர். அவ நின்னுக்கிட்டே இருந்தா, அப்புறம் உக்காந்துட்டா.

அதுக்கப்புறம் பண்ணதைக் கேளுங்க. சாப்பிட்டுட்டு நேரா எங்க அம்மாகிட்ட வந்து, "நல்லா பேசினாரும்மா, நல்லா படிப்பாளி"ன்னு சொல்லிட்டுப் போனா. எங்க அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. "யாருடா அந்தப் புள்ள, இவ்வளவு மரியாதையா இருக்கு"ன்னு ஊர் போற வரைக்கும் அதே பேச்சு. என் விசேஷத்துல என்னை அவமானப்படுத்திட்டு எங்க அம்மாகிட்டயே நல்ல பேரு வாங்கிட்டுப் போறவ. குணம் புரியுதா உங்களுக்கு?

உதவித்தொகை நின்னு போச்சு. டியூஷன் எடுத்தா. கால்நடைப் பக்கம் ஒரு டாக்டரம்மா இருந்தாங்க, அவங்களும் இவளை மாதிரிதான், ஆகாத கேஸு. பழைய கோழிக் கொட்டகையில ஒரு மூலையைக் குடுத்தாங்க. அரிசி போட்டு வைக்கிற பிளாஸ்டிக் டப்பாவைக் கடையில வாங்கி, அதுல எலி வளர்த்தா. தண்ணிக் குப்பிக்கு ரப்பர் மூடிகூட வேண்டாம்னுட்டா, ரப்பர்லயும் துத்தநாகம் இருக்காம். ஊரு உலகத்துல எல்லாரும் கல்யாணம் பண்ணிக்கிட்டு, வேலை தேடிக்கிட்டு இருக்கிற வயசுல இவ கோழிக் கொட்டகையில உக்காந்து அரிசி டப்பாவைக் கழுவுறா. எனக்கு அப்ப பொண்ணு பாத்தாச்சு.

ஒரு நாள் சார் சொன்னார், "அவ என்ன பண்றான்னு போயிப் பாத்துட்டு வா." போனேன். என்னைப் பாத்ததும் அவளுக்குச் சந்தோஷம். நான் மனசு மாறி வந்துட்டேன்னு நெனைச்சிருப்பா. ரெண்டு டப்பாவைக் காட்டினா. ஒண்ணுல குட்டியெல்லாம் சாதாரணமா ஓடுது. இன்னொண்ணுல...

அதுவும் அதே வயசுக் குட்டிதான். பாதிகூட இல்ல. முதுகு வளைஞ்சு, அங்கங்க மயிர் இல்லாம, கண்ணைச் சுத்திப் பொருக்கு. ஓரமா ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடந்துச்சு. "தொட்டுப் பாரு தவசி"ன்னு ஒண்ணை எடுத்து என் உள்ளங்கையில வெச்சா. நான் எவ்வளவு குட்டியை ஜாடிக்குள்ள விட்டிருக்கேன். எல்லாம் கையில வெச்சா சுருக்குன்னு சூடு தெரியும், அந்தத் துளியூண்டு உடம்புல அவ்வளவு சூடு. இது குளுந்து கெடந்துச்சு. உயிர் இருக்கு, மூச்சு ஓடுது, சூடு இல்ல. ஜாடியில விட்டு அளக்கவே வேண்டியதில்ல.

எலிதான அண்ணாச்சி. எலிக்கு என்ன.

டீ வந்துருச்சு, எடுத்துக்கோங்க. சீனி கம்மியா இருந்தா சொல்லுங்க.

சார்கிட்ட வந்து என்ன சொன்னேன்னா, "எலிக்குச் சொறி சார், கொட்டகை சுத்தமில்ல"ன்னேன். வேற என்னத்தைச் சொல்ல? அவர் உடம்பு இருந்த நிலைமையில உண்மையைச் சொல்லி அவரைப் படுக்க வைக்கவா? அவர் உடனே கால்நடைப் பக்கம் போன் போட்டு, தொத்து வியாதின்னு சொல்லிட்டார். அங்க மேலதிகாரிங்க வந்து எல்லா எலியையும் அழிக்கச் சொல்லிட்டாங்களாம். இவ டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நின்னிருக்கா. அந்த டாக்டரம்மா தோலைச் சுரண்டிப் பாத்து, பூச்சி ஒண்ணும் இல்ல, சொறியும் இல்லன்னு எழுதிக் குடுத்ததுல தப்பிச்சுது. அதிர்ஷ்டம். ஆனா பாருங்க, அதுக்குப் பிறகு என்கிட்ட அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. பஸ் ஸ்டாப்ல பாத்தாக்கூட "எப்ப கல்யாணம்"னுதான் கேட்டா. அவ்வளவு அழுத்தக்காரி. மனசுல இருக்கிறதை வெளிய விடமாட்டா. சண்டை போட்டிருந்தா நானும் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன்ல.

எல்லாரும் இப்ப துத்தநாகம் துத்தநாகம்னு பிடிச்சுக்கிட்டாங்க. போன கோடையில என் சின்னப் பொண்ணுக்கு வயித்துப்போக்கு. டாக்டருக்குப் படிச்சவன் ஒருத்தன் உப்புச்சீனிக் கரைசலோட ஜிங்க் மாத்திரையும் எழுதிக் குடுக்கிறான். "தம்பி, நானும் டாக்டர்தான், இதுல நான் ஆராய்ச்சி பண்ணியிருக்கேன், இதெல்லாம் நம்ம ஊர் உடம்புக்குத் தேவையில்ல"ன்னேன். அவன் என்னைப் பாக்கிறான், என் வீட்டுக்காரியைப் பாக்கிறான். அவ அவன் பேச்சைக் கேட்டுக்கிட்டு எனக்குத் தெரியாம கரைச்சுக் குடுத்திருக்கா. புள்ளை தேறிருச்சு. கரைசல்ல தேறியிருக்கும். நம்ம வீட்லயே நம்ம படிப்புக்கு அவ்வளவுதான் மதிப்பு.

கடைசியில அவளும் பட்டம் வாங்கிட்டா. எனக்கு எவ்வளவோ காலம் கழிச்சு. அதுக்குள்ள நான் உதவிப் பேராசிரியர், துறைத் தலைவர், இப்ப முதல்வர். அவ என்ன ஆனா? எங்கேயோ ஒரு ஆராய்ச்சி நிலையத்துல இன்னமும் எலி மூத்திரம் அளந்துக்கிட்டு இருக்கா. வெளிநாட்டுக்கு ரெண்டு தடவை போயிட்டு வந்தாளாம். போகட்டும். வெளிநாட்டுல எலி இல்லையா.

ஒரு கட்டுரை எழுதினா. அதுல என் ஆய்வேட்டைக் காட்டியிருக்கா, பேரைப் போட்டு. கூண்டால அளவு எப்படி மாறிப் போகும்ங்கிறதுக்கு உதாரணமாம். திட்டல, ஒண்ணும் சொல்லல, அளவுகள் கவனமா எடுக்கப்பட்டவைன்னுகூட ஒரு வரி போட்டிருக்கா. அதைக் காலேஜ் தரமதிப்பீட்டுக்கு வந்தவங்ககிட்ட நான் காட்டினேன். முதல்வரோட ஆய்வை வெளிநாட்டு இதழ்ல மேற்கோள் காட்டியிருக்காங்கன்னு அவங்களும் குறிச்சுக்கிட்டாங்க. முழுசாப் படிக்கவா போறாங்க? அந்த விதத்துல அவளால ஒரு உபயோகம்.

என்ன கேக்கிறீங்க? என் ஆய்வேடா? ஏன், அது இருக்கே. நூலகத்துல இருக்கு. அதுல ஒரு எண்ணுகூடப் பொய் கிடையாது அண்ணாச்சி. ஒவ்வொண்ணும் ஜாடி முன்னாடி கால் மரத்துப் போக உக்காந்து அளந்தது. கூண்டு ஒண்ணுதான். கூண்டைப் பத்தி நான் எழுதவே இல்லையே. எழுதாத ஒண்ணு எப்படித் தப்பாகும்?

அந்தக் குட்டியா? எந்தக் குட்டி? ஓ, கையில வெச்சதா. அது எனக்கெப்படித் தெரியும். கொஞ்சத்துக்குத் துத்தநாகம் குடுத்துப் பாத்ததுல தேறிருச்சுன்னு எழுதியிருக்கா. அதுல அது இருந்துச்சோ என்னமோ. நீங்க என்ன, பொண்ணைப் பத்திக் கேக்க வந்துட்டு எலிக்குட்டியைக் கேக்கிறீங்க.

முடிவா சொல்றேன். உங்க தம்பி நாள் பூரா வேலை பாத்துட்டுக் களைச்சு வீட்டுக்கு வருவார். வீட்ல ஒரு நிம்மதி வேணும். இவ தப்புன்னு பட்டா விடமாட்டா. அடுத்தவன் தப்புன்னு இல்ல, தன் தப்பையே விடமாட்டா, தன் மூணு வருஷத்தைத் தானே குப்பையில கொட்டினவ. அப்படி ஒருத்திகூட எப்படி வீடு நடத்துறது? ஒருத்தர் கண்டுக்காம விட்டாத்தான் இன்னொருத்தர் வாழ முடியும். நான் பதிமூணு வருஷமா குடும்பம் நடத்துறேன், அனுபவத்துல சொல்றேன். யோசிச்சுக்கோங்க.

அவளா? அவளேவா என்னைப் பாக்கச் சொன்னா? நான் நீங்களா விசாரிச்சு வந்தீங்கன்னு நெனைச்சேன். என்னன்னு சொன்னா? "என் குறையெல்லாம் தவசிலிங்கத்துக்குத்தான் தெரியும், அவர் ஒண்ணும் விடாம சொல்லுவார்"னா? ம். பாத்தீங்களா. மேலுக்குக் காட்டிக்க மாட்டா, உள்ளுக்குள்ள ஒரு மரியாதை இருக்கு. இருக்கணும்ல. முதல்ல பட்டம் வாங்கினவன் நான்தான.

தம்பிக்குப் போனா? தாராளமாப் பண்ணுங்க, இங்கேயே பேசுங்க. இந்த ஜன்னல் பக்கம் வந்தா சிக்னல் கிடைக்கும்.

என்ன அண்ணாச்சி, மேற்கொண்டு பேசலாம்னா தம்பிகிட்டச் சொன்னீங்க? நான் கேட்டது சரிதானா? "கேள்விப்பட்டதைவிட நல்ல பொண்ணா இருக்கு"ன்னா? நான் சொன்னது பூராவும் காதுல விழுந்துச்சுல்ல? கூண்டு, சாவி, வாய்மொழித் தேர்வு, எல்லாம்? விழுந்துச்சா. சரி. அப்புறம் நான் என்ன சொல்ல இருக்கு. உங்க குடும்பம், உங்க இஷ்டம். நல்லா இருக்கட்டும்.

டீயைக் குடிக்கவே இல்லையே நீங்க. பரவாயில்ல, கிளம்புங்க. பத்திரிகையை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், காலேஜ் விலாசத்துக்கே அனுப்புங்க. உறை மேல முனைவர் தவசிலிங்கம், முதல்வர்னு எழுதணும். முனைவரை விட்டுறாதீங்க. போன மாசம் ஒருத்தன் வெறும் பேரை மட்டும் எழுதி அனுப்பியிருந்தான். நான் அந்தக் கல்யாணத்துக்குப் போகவே இல்ல.